பேஸ்பால் பேட்டிங் சராசரி: ஸ்கோர்புக் எழுதிப் புரிந்துகொண்டது

என் மகன் பத்து வயதில் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அணியில் சேர்ந்தான். பெற்றோரை உட்கார வைத்து முதல் கூட்டம் நடந்தபோது, ஸ்கோர்புக் எழுத ஒருவர் வேண்டும் என்று கோச் கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் கை தூக்கினேன். சின்ன வயதில் ரேடியோவில் கமென்டரி கேட்டுக்கொண்டே கிரிக்கெட் ஸ்கோரை நோட்டில் எழுதிப் பழகியவள் நான். ஓவர், விக்கெட், நாட் அவுட் எல்லாம் அத்துப்படி. அமெரிக்காவுக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பேஸ்பாலும் மட்டை, பந்து சமாச்சாரம்தானே, ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும் என்று நினைத்தேன். முழு சீசன் ஆனது.

ஆறு ஆட்டம் முடிந்ததும், பையன்களின் பேட்டிங் ஆவரேஜைப் போட்டுத் தரச் சொன்னார் கோச். அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து போட்டேன். என் மகன் அதுவரை 20 முறை மட்டை பிடிக்க வந்திருந்தான். அதில் 3 ஹிட், அதாவது தன் அடியாலேயே, சுற்றி வர வேண்டிய நான்கு பேஸில் முதலாவதையாவது பத்திரமாக அடைந்தது. மூன்றை இருபதால் வகுத்தால் .150. அவசரப்பட்டு அதை அவனிடமே சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிப் போயிற்று. பந்தை நன்றாகப் பார்க்கிறான் என்று கோச் அவனைப் பாராட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அணியிலேயே கீழே இருப்பவன் நான்தானா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

மறுநாள் என் பட்டியலைப் பார்த்த கோச், அவன் வரிசையில் விரலை வைத்து, "இந்த 20 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். இருபது முறை ஆட வந்தானே என்றேன். "எத்தனை வாக்?" ஏழு. "உடம்பில் பந்து பட்டு ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போனது?" ஒரு தடவை. "அப்படியானால் அவனுக்கு அட் பேட் பன்னிரண்டுதான். மூன்றைப் பன்னிரண்டால் வகுங்கள்."

.250 வந்தது. பட்டியலில் கடைசியில் இருந்த பையன் நடுவில் வந்து நின்றான். அவன் ஆட்டம் மாறவில்லை, ஹிட் எண்ணிக்கை மாறவில்லை, நான் கீழே போட்ட எண் மட்டும்தான் தப்பு. அன்று மாலை அவனை உட்கார வைத்து, நான் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன் என்று சொல்லித் திருத்திக் காட்டினேன். பத்து வயதுப் பையனிடம் ஒரு எண்ணைச் சொல்வதற்கு முன்னால் அது சரிதானா என்று இரண்டு முறை பார்க்க வேண்டும் என்பது எனக்கு அன்றைக்கே மனதில் பதிந்துவிட்டது.

சரி, அந்தக் கீழே இருக்கும் எண்ணுக்கு வருவோம். பேட்டிங் சராசரி என்பது ஹிட்டை அட் பேட்டால் வகுத்து வருவது. தசமப் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் எழுதுவார்கள். முன்னால் சைபர் போடுவதில்லை. பேசும்போது புள்ளியையும் விட்டுவிடுவார்கள்; .300 என்றால் 'முந்நூறு அடிக்கிறான்' என்றுதான் சொல்வது. இதெல்லாம் ஒரே நாளில் பழகிவிடும். சிக்கல் அட் பேட் என்ற சொல்லில்தான் இருக்கிறது. பேட்டர் மட்டையோடு வந்து நின்று, அவர் முறை முடிந்தாலே அது ஒரு பிளேட் அப்பியரன்ஸ். ஆனால் எல்லா பிளேட் அப்பியரன்ஸும் அட் பேட் ஆகிவிடாது. பந்து எறியும் பிட்சர் நான்கு பந்தை, அடிக்கத் தக்க எல்லையான ஸ்ட்ரைக் ஸோனுக்கு வெளியே போட்டு, பேட்டர் அவற்றை விட்டுவிட்டு ஃபர்ஸ்ட் பேஸுக்கு நடந்து போனால் அது வாக். அட் பேட் கணக்கில் வராது. பந்து உடம்பில் பட்டால் வராது. ஏற்கெனவே பேஸில் நிற்கும் ரன்னரை முன்னேற்றுவதற்காக, பந்தை மெதுவாகத் தட்டித் தன்னை அவுட் ஆக்கிக்கொள்ளும் சாக்ரிஃபைஸ் பன்ட் வராது. உயரமாகத் தூக்கி அடித்து, கேட்ச் ஆனாலும் தேர்ட் பேஸில் இருந்தவர் ஓடி வந்து ரன் எடுத்துவிட்டால் அது சாக்ரிஃபைஸ் ஃப்ளை, அதுவும் வராது. பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் மட்டையை இடைமறித்துவிட்டால் அதுவும் வராது, ஆனால் அதைப் பார்ப்பது அபூர்வம்.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இது புதிய விஷயமே இல்லை. நமக்கு நாட் அவுட் இருக்கிறது. பிராட்மன் டெஸ்டில் 80 இன்னிங்ஸ் ஆடி 6996 ரன் எடுத்தார். எண்பதால் வகுத்தால் 87 சொச்சம்தான் வரும். பத்து முறை நாட் அவுட் என்பதால் எழுபதால் வகுக்கிறோம், 99.94 வருகிறது. கீழே என்ன போட வேண்டும் என்று அங்கேயும் ஒரு விதி தீர்மானிக்கிறது. இந்த ஒற்றுமை தற்செயலும் இல்லை. பேஸ்பால் புள்ளிவிவரத்துக்கு அடித்தளம் போட்ட ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்து, சிறுவனாகப் புரூக்ளினுக்கு வந்து, கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். ஆட்டத்தின் சுருக்கத்தை ஒரு சின்னக் கட்டத்துக்குள் அடக்கும் பாக்ஸ் ஸ்கோரை வளர்த்தெடுத்தவர் அவர். வாக் என்பது பிட்சர் செய்த தப்பு, பேட்டரின் சாதனை இல்லை என்பது அவர் நினைப்பு. அந்த நினைப்பு இன்றுவரை பேட்டிங் சராசரிக்குள் உட்கார்ந்திருக்கிறது. நடுவே 1887இல் ஒரே ஒரு சீசனுக்கு வாக்கையும் ஹிட்டாக எண்ணிப் பார்த்தார்கள். எல்லாருடைய சராசரியும் ஊதிப் பெருத்தது. அடுத்த வருடமே கைவிட்டுவிட்டார்கள்.

கோச் எனக்கு ஒரு சரிபார்ப்பு சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு பையனுக்கும் அட் பேட், வாக், உடம்பில் பட்டது, சாக்ரிஃபைஸ் எல்லாவற்றையும் கூட்டினால் பிளேட் அப்பியரன்ஸ் வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கேயோ ஒரு கட்டத்தைத் தப்பாகப் படித்திருக்கிறோம். அதற்கப்புறம் நான் எந்தப் பட்டியலையும் இந்தக் கூட்டலைப் போடாமல் கொடுத்ததில்லை. பல ராத்திரி இதுதான் என்னைக் காப்பாற்றியது.

ஹிட் எது என்பது அடுத்த பாடம். ஒரு பையனின் அப்பா ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "என் பையன் மூன்று முறை ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போனான். நீங்கள் ஒரு ஹிட்தான் போட்டிருக்கிறீர்களே?" என்று கேட்டார். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். புத்தகத்தைத் திறந்து காட்டினேன். ஒரு தடவை சுத்தமாக இன்ஃபீல்டைத் தாண்டி அடித்தான், ஹிட். இன்னொரு தடவை, செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து, இவனை விட்டுவிட்டு செகண்ட் பேஸுக்கு ஓடிக்கொண்டிருந்த பையனை அவுட் ஆக்கினான். இவன் ஃபர்ஸ்ட் பேஸில் நின்றான். இதற்குப் பெயர் ஃபீல்டர்ஸ் சாய்ஸ். அட் பேட் உண்டு, ஹிட் கிடையாது. மூன்றாவது தடவை கைக்கு வந்த பந்தை செகண்ட் பேஸ்மேன் நழுவவிட்டான், எரர். இதிலும் அட் பேட் உண்டு, ஹிட் கிடையாது. ஆக, மூன்று அட் பேட்டில் ஒரு ஹிட். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆட்டத்திலிருந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பந்து தரையில் பட்ட உடனே "என்ன போடப் போகிறீர்கள்?" என்று கேட்க ஆரம்பித்தார். எனக்கும் துணையாக இருந்தது.

ஸ்கோர்புக்கைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சராசரி பிறக்கிற இடம் அதுதான். ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள் சாய்சதுரமாக ஒரு சின்ன மைதானம் அச்சடித்திருக்கும். ஃபீல்டர்களுக்குப் பெயரில்லை, எண்தான். பிட்சர் 1, கேட்சர் 2, ஃபர்ஸ்ட் பேஸ் 3, செகண்ட் பேஸ் 4, தேர்ட் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6. வெளியே இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்து அவுட் என்றால் 6-3. மூன்று ஸ்ட்ரைக் ஆகி அவுட்டாகும் ஸ்ட்ரைக்அவுட் என்றால் கே என்ற ஆங்கில எழுத்து; மட்டையை வீசாமல் நின்றுகொண்டே அவுட் ஆனால் அதே எழுத்தைத் திருப்பிப் போடுவார்கள். ஷார்ட்ஸ்டாப்பின் எரர் என்றால் இ6. பேட்டர் ஓடிய தூரத்துக்குச் சாய்சதுரத்தின் ஓரத்தில் கோடு இழுக்க வேண்டும். அவர் சுற்றி வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டுவிட்டால் சாய்சதுரம் முழுவதையும் பென்சிலால் கருப்பாக்க வேண்டும். பென்சில்தான், பேனா வேண்டவே வேண்டாம். முதலில் என்ன நடந்தது என்பதை எண்ணாக எழுதிவிடுங்கள், ஹிட்டா எரரா என்ற முடிவை அடுத்த பேட்டர் வந்து நிற்பதற்குள் எடுத்தால் போதும். நான் முதல் இரண்டு ஆட்டங்களில் நேராக ஹிட், எரர் என்று மட்டும் எழுதிவைத்தேன். பின்னால் யாராவது கேட்டால், எந்தப் பந்து, யார் கைக்குப் போனது என்று எனக்கே ஞாபகம் வரவில்லை.

எரர் போடுவதற்கு விதிப்புத்தகம் தரும் அளவுகோல் நியாயமானது. அந்த லீகில், அந்த இடத்தில் நிற்கும் சராசரித் திறமையுள்ள ஃபீல்டர் சாதாரண முயற்சியில் எடுத்திருக்க வேண்டிய பந்தா? எடுத்திருக்க வேண்டும் என்றால் எரர். இல்லை என்றால் ஹிட். மைதானம் எப்படி இருந்தது, வெளிச்சம் கண்ணை அடித்ததா என்பதையும் பார்க்கலாம். கையுறையில் பட்டால் எரர், படாவிட்டால் ஹிட் என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. விழுந்து புரண்டு கையை நீட்டி, விரல் நுனியில் பட்டுப் போன பந்து ஹிட்தான். காலுக்கு நடுவில் புகுந்து போன சுலபமான பந்து கையுறையில் படாவிட்டாலும் எரர்தான். பத்து வயதுப் பையன்கள் ஆட்டத்தில் 'சராசரித் திறமை' என்பது பத்து வயதுப் பையனின் சராசரித் திறமை. டிவியில் பார்ப்பதை வைத்து அளந்தால் பாதிக்குப் பாதி எரராகத்தான் எழுத வேண்டியிருக்கும். அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீகான மேஜர் லீகில் இதற்கென்றே அதிகாரபூர்வ ஸ்கோரர் இருக்கிறார். அவர் போட்ட முடிவு பிறகு மறுபரிசீலனையில் மாறுவதும் உண்டு. அதாவது .301 என்று பளபளப்பாகத் தெரிகிற எண்ணுக்குள் யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்து கண்ணால் பார்த்து எடுத்த முடிவுகள் இருக்கின்றன.

இன்னொரு தவறும் செய்தேன், இது கணக்கு நன்றாகத் தெரிந்தவர்களும் செய்வது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சராசரி போட்டு, கடைசியில் அந்தச் சராசரிகளைக் கூட்டி ஆட்ட எண்ணிக்கையால் வகுத்தேன். ஒரு பையன் முதல் ஆட்டத்தில் தாமதமாக வந்து, ஒரே அட் பேட்டில் ஒரு ஹிட் அடித்தான்; 1.000. அடுத்த ஆட்டத்தில் நாலு அட் பேட், ஹிட் இல்லை; .000. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் .500. உண்மையில் ஐந்துக்கு ஒன்று, அதாவது .200. ஒரு அட் பேட் உள்ள நாளுக்கும் நாலு அட் பேட் உள்ள நாளுக்கும் நான் ஒரே எடை கொடுத்துவிட்டேன். ஹிட்டை எல்லாம் தனியாகக் கூட்டுங்கள், அட் பேட்டை எல்லாம் தனியாகக் கூட்டுங்கள், கடைசியில் ஒரே ஒரு முறை வகுங்கள். மூன்று இலக்கத்துக்குச் சுருக்குவதும் அப்போதுதான்.

இதே சங்கதி மேஜர் லீகிலேயே அழகாக நடந்திருக்கிறது. டெரெக் ஜீட்டர், டேவிட் ஜஸ்டிஸ் இருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் ஜீட்டர் .250, ஜஸ்டிஸ் .253. 1996இல் ஜீட்டர் .314, ஜஸ்டிஸ் .321. இரண்டு வருடமும் ஜஸ்டிஸ்தான் மேலே. ஆனால் இரண்டு வருடத்தையும் சேர்த்தால் ஜீட்டர் .310, ஜஸ்டிஸ் .270. முதல் தடவை பார்த்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன். அட் பேட்டை எடுத்துப் பார்த்தால் புரிந்துவிடும். 1995இல் ஜீட்டர் ஆடியது வெறும் 48 அட் பேட், 1996இல் 582. ஜஸ்டிஸுக்கு நேர்மாறு; 1995இல் 411, 1996இல் 140. ஜீட்டரின் நல்ல வருடம் பெரிய வருடம், ஜஸ்டிஸின் நல்ல வருடம் சின்ன வருடம். கால்குலேட்டரில் நானே 195ஐ 630ஆலும், 149ஐ 551ஆலும் வகுத்துப் பார்த்த பிறகுதான் மனம் ஒப்புக்கொண்டது. நீங்களும் ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். படித்துத் தெரிந்துகொள்வதைவிட அது ஆழமாகப் பதியும்.

எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது சராசரி எப்படித் துள்ளும் என்பதையும் பையன்களிடம்தான் பார்த்தேன். பன்னிரண்டுக்கு மூன்று என்றிருந்த என் மகன் அடுத்த ஆட்டத்தில் மூன்றுக்கு இரண்டு அடித்தான். .250 ஒரே நாளில் .333 ஆகிவிட்டது. 500 அட் பேட்டில் 150 ஹிட் அடித்த ஒரு மேஜர் லீக் ஆட்டக்காரர் ஒரு நாள் மூன்றுக்கு மூன்று அடித்தாலும் .300 என்பது .304 ஆகத்தான் ஏறும். சீசன் ஆரம்பத்தில், ஏப்ரல் மாதத்தில் யாராவது .400க்கு மேல் இருப்பதும், செப்டம்பரில் அந்தப் பெயர் பட்டியலில் கீழே இறங்கியிருப்பதும் இதனால்தான். லீகிலேயே அதிக சராசரி வைத்திருப்பவருக்குத் தரும் பேட்டிங் பட்டத்துக்குத் தகுதி பெற, அணி ஆடிய ஆட்டம் ஒன்றுக்கு 3.1 பிளேட் அப்பியரன்ஸ் வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். 162 ஆட்டத்துக்கு 502. 1996இல் டோனி க்வின் 498தான் வைத்திருந்தார், நாலு குறைவு. அந்த நாலையும் ஹிட் இல்லாத அட் பேட்டாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அவருடைய .353 என்பது .349 ஆகக் குறைந்தும் வேறு யாரும் அவரை எட்டவில்லை. பட்டம் அவருக்கே போனது. இந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும், சந்தேகத்தை முழுக்க ஆட்டக்காரருக்கு எதிராக வைத்துப் பார்த்த பிறகும் அவர் மேலே நின்றால் கொடுத்துவிடுகிறார்கள்.

எது நல்ல சராசரி என்று கேட்டால், எந்த வருடம் என்று திருப்பிக் கேட்க வேண்டும். மேஜர் லீகில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பிரிவு. 1930இல் நேஷனல் லீக் முழுவதுமே சேர்ந்து .303 அடித்தது. 1968இல் பிட்சர்கள் கை ஓங்கி, மேஜர் லீக் மொத்தச் சராசரி .237க்கு இறங்கியது. அமெரிக்கன் லீகில் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி .301 அடித்தே பட்டம் வாங்கினார். அடுத்த வருடமே பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். 2024இல் மொத்தச் சராசரி .243. இன்றைக்கு ஒருவர் .280 அடிக்கிறார் என்றால் தாராளமாகப் பாராட்டலாம். கீழே எல்லை .200. அதற்கு மென்டோசா கோடு என்று பெயர். மரியோ மென்டோசா என்ற ஷார்ட்ஸ்டாப்பின் பெயரால் வந்தது. அவருடைய மொத்த வாழ்நாள் சராசரி .215, கோட்டுக்கு மேலேதான். அந்தப் பெயர் அவருக்குச் செய்த அநியாயம் எனக்கு இன்றும் மனதை உறுத்துகிறது.

.400 அடித்த கதையை என் மகனுக்குச் சொன்னபோது அவன் மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னான். 1941, டெட் வில்லியம்ஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ். சீசனின் கடைசி நாள், பிலடெல்ஃபியாவில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். அன்று காலை அவர் கணக்கு 448 அட் பேட்டில் 179 ஹிட். வகுத்தால் .39955. மூன்று இலக்கத்துக்குச் சுருக்கினால் .400. வெளியே உட்கார்ந்துகொள்ளலாம் என்று மேனேஜர் ஜோ க்ரோனின் சொல்லிப் பார்த்தார். வில்லியம்ஸ் மறுத்துவிட்டு இரண்டு ஆட்டமும் ஆடினார். எட்டு அட் பேட்டில் ஆறு ஹிட். 456க்கு 185; .406. சாக்ரிஃபைஸ் ஃப்ளைக்கு அன்றைக்கு விலக்கு இல்லை. தூக்கி அடித்து ரன் கொண்டுவந்து அவுட் ஆனாலும் அட் பேட்டாக எண்ணிவிடுவார்கள். விலக்கு 1954இல்தான் திரும்ப வந்தது. அவருக்குப் பிறகு அமெரிக்கன் லீகிலோ நேஷனல் லீகிலோ முழு சீசன் ஆடி .400 தொட்டவர் யாருமில்லை. நெருங்கி வந்தவர்கள் 1980இல் .390 அடித்த ஜார்ஜ் பிரெட், வேலைநிறுத்தத்தால் பாதியில் நின்ற 1994 சீசனில் .394 அடித்த டோனி க்வின். இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கறுப்பினத்தவரை மேஜர் லீகில் சேர்க்காத காலத்தில் அவர்கள் ஆடிய நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களின் கணக்கை மேஜர் லீக் தன் பதிவேட்டில் சேர்த்தது 2024இல்தான். அதன்படி ஒரு சீசனின் உச்சம் 1943இல் ஜாஷ் கிப்சன் அடித்த .466. வாழ்நாள் சராசரியிலும் அவருடைய .372தான் இப்போது முதலிடம், அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப் இரண்டாவது. இத்தனை காலம் அந்தப் பெயர் பட்டியலிலேயே இல்லாமல் இருந்தது.

இப்போது என் மகனின் ஏழு வாக்குக்கு வருகிறேன். .150 இல்லை .250 என்று திருத்தியதும் என் மனம் சமாதானமாகவில்லை. அவன் இருபது முறை வந்து பதினொரு முறை பேஸுக்குப் போயிருக்கிறான். மூன்று ஹிட், ஏழு வாக், ஒன்று உடம்பில் பட்டது. பாதிக்கு மேல். இதை எந்த எண் சொல்கிறது? ஆன்பேஸ் சதவீதம் சொல்கிறது. ஹிட், வாக், உடம்பில் பட்டது மூன்றையும் கூட்டி, அட் பேட், வாக், உடம்பில் பட்டது, சாக்ரிஃபைஸ் ஃப்ளை நான்கின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். அவனுக்கு 11ஐ 20ஆல் வகுத்தால் .550. பத்து வயது பிட்சர்களுக்குக் குறி நிற்காது என்பதால் இந்த வயதில் வாக் நிறையவே வரும், அதனால் இதைப் பெரியவர்களோடு ஒப்பிடக் கூடாது. ஆனாலும் கெட்ட பந்தை விட்டுவிட்டு நிற்பது ஒரு திறமை. நான் முதலில் போட்ட .150 அந்தத் திறமையையே தண்டனையாக மாற்றிவிட்டது. எவ்வளவுக்கு எவ்வளவு பொறுமையாக நின்றானோ அவ்வளவுக்கு அவ்வளவு எண் குறைந்தது. அதை அவனிடம் சொன்ன அந்த ராத்திரியை நினைத்தால் இன்றும் வருத்தம்தான். அதற்குப் பிறகு நான் பட்டியல் கொடுக்கும்போது சராசரிக்குப் பக்கத்திலேயே ஆன்பேஸையும் எழுதிவிடுவேன். கோச்சும் பேட்டிங் வரிசையை அதைப் பார்த்துத்தான் போட ஆரம்பித்தார். என் மகன் முதல் ஆளாக இறங்கினான்.

டிவியில் பார்க்கிறவர்களுக்கு ஒரு யோசனை. பேட்டர் வந்து நிற்கும்போது சாய்கோடு போட்டு மூன்று எண் காட்டுவார்கள். முதலாவது பேட்டிங் சராசரி, இரண்டாவது ஆன்பேஸ், மூன்றாவது ஸ்லக்கிங். ஸ்லக்கிங் என்பது ஒரு பேஸ் ஹிட்டுக்கு 1, டபுளுக்கு 2, டிரிபிளுக்கு 3, ஹோம் ரன்னுக்கு 4 என்று கூட்டி அட் பேட்டால் வகுப்பது. முதல் எண்ணோடு நின்றுவிடாமல் மூன்றையும் பாருங்கள். 2023இல் லூயிஸ் அராயஸ் .354 அடித்து நேஷனல் லீக் பட்டம் வாங்கினார். அதே லீகில் கைல் ஷ்வார்பர் .197, மென்டோசா கோட்டுக்கும் கீழே. முதல் எண்ணை மட்டும் பார்த்தால் ஷ்வார்பரை எதற்கு ஆட விடுகிறார்கள் என்றே தோன்றும். அவர் 47 ஹோம் ரன் அடித்தார், 126 வாக் வாங்கினார். ஆன்பேஸ் .343. ஸ்லக்கிங் .474, அராயஸின் .469ஐ விட ஒரு பொட்டு கூடவே. அராயஸைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவரைப் போல் பந்தைத் தொடுகிறவரைப் பார்ப்பது ஒரு சுகம், அவருடைய ஆன்பேஸும் .393. இரண்டு பேரும் வேறு வேறு வழியில் ரன்னுக்கு உதவுகிறார்கள், முதல் எண் அதில் ஒரு வழியை மட்டும் காட்டுகிறது, அவ்வளவுதான்.

சீசனின் கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது என் மகனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ்ப் பாடம். அன்று கடைசியாக மட்டை பிடிக்க வந்தபோது அவன் 27 அட் பேட்டில் 8 ஹிட்; .296. இன்னொரு ஹிட் அடித்தால் 28க்கு 9, .321. அவுட் ஆனால் .286. முந்நூறு அடித்தேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு ஆசை. காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தான். முந்தின வாரம் நான்தான் அவனுக்கு டெட் வில்லியம்ஸ் கதையைச் சொல்லிவைத்தவள்.

இரண்டாவது பந்தை அடித்தான். தரையோடு உருண்டு நேராக ஷார்ட்ஸ்டாப்பிடம் போனது. வேகம் இல்லை, எகிறவும் இல்லை. அந்தப் பையன் குனிந்தான், கையுறையின் விளிம்பில் பட்டு இரண்டடி தள்ளி விழுந்தது. மறுபடி எடுத்து எறிவதற்குள் என் மகன் ஃபர்ஸ்ட் பேஸைத் தாண்டி ஓடிவிட்டான். அங்கே நின்று திரும்பி என் பக்கம் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அப்பா வழக்கமான கேள்வியை அன்றைக்குக் கேட்கவில்லை.

பென்சில் கையில் இருந்தது. வேறு யார் மகனாக இருந்தாலும் என்ன எழுதுவேன் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. அந்த சீசனில் அதே மாதிரி உருண்டு வந்த பந்தை அந்த வயதுப் பையன்கள் எடுத்து 6-3 என்று நான் எத்தனையோ கட்டத்தில் எழுதியிருக்கிறேன். அடுத்த பேட்டர் ஹோம் பிளேட்டுக்கு வந்து நின்றுவிட்டான். இ6 என்று எழுதினேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் பின்சீட்டில் உட்கார்ந்து ஸ்கோர்புக்கைத் திறந்தான். அவன் வரிசையில் கடைசிக் கட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்தான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அம்மா, அவன் ஒழுங்கா பிடிச்சிருந்தா நான் அவுட்தானே?" என்றான். ஆமாம் என்றேன். "அப்ப இருநூற்று எண்பத்தாறு." ஆமாம், இருநூற்று எண்பத்தாறு என்றேன். பக்கத்தைத் திருப்பாமல் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். இ6 என்று எழுதிய அதே கட்டத்தில் சாய்சதுரம் முழுக்கக் கருப்பாக இருந்தது. அவனுக்கு அடுத்து வந்த பையன் டபுள் அடித்தபோது இவன் ஃபர்ஸ்ட் பேஸிலிருந்து ஓடியே வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டிருந்தான். ஒரு ரன் வித்தியாசத்தில் ஜெயித்த ஆட்டம் அது. "இதைக் கொஞ்சம் அழுத்தியே கருப்பாக்கியிருக்கே" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினான்.